வானில் ஒரு கணக்கு – 6: இரண்டு விடியல் கண்டவர்கள்

திருக்கோவிலும் கட்டுநாயக்க விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் இடைவெளி 220 கிலோமீற்றர் கூட வராது. டோஹா போகும் ஜெட் விமானம் அதைக் கால் மணித்தியாலத்தில் தாண்டிவிடும். வீதியால் போகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. அம்பாறை, மகியங்கனை, பதினெட்டு வளைவு, கண்டி என்று சுற்றி 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும்.

கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கட்டாருக்கு வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கு இது பழகிய கதை. வேனில் ஓர் இரவு முழுக்கப் போய்விடும். உம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல் கண்டிக்கு முன்பே முடிந்திருக்கும். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் காத்திருப்பு. அதன் பிறகு சுமார் 3,600 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் டோஹாவுக்கு ஐந்தே மணித்தியாலம்! ஆகாயத்தில் எவ்வளவு வேகம் கூடினாலும் தரையில் தொலைகிற நேரத்தை ரிக்கெற்றில் யாரும் அச்சிடுவதில்லை.

ஆகாயத்திலும் தூரமும் நேரமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கொழும்பு – லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். போகும்போது பதினொரு மணித்தியாலம் பிடிக்கும். திரும்பும்போது அரை மணித்தியாலமாவது குறையும். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று வரும்போது தள்ளிவிடுகிறது, போகும்போது மறிக்கிறது.

ஆனால் நீண்ட பயணம் என்றால் இலங்கையில் முதலில் பேசவேண்டியது காலிக்குத் தென்கிழக்கே இருக்கும் கொக்கல ஏரியைத்தான்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே இருந்த விமானப் பாதை அறுந்தது. 1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் கொக்கல ஏரிக்கும் இடையே கெட்டலினா நீர்விமானங்களை ஓடவிட்டது. இந்து சமுத்திரத்துக்கு மேலாக 5,600 கிலோமீற்றருக்கு மேல், இடையில் எங்கும் இறங்காமல். வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் அளவுதான். எனவே பயணம் 27 முதல் 33 மணித்தியாலம் வரை நீண்டது.

எரிபொருளே பெருஞ்சுமை. அதனால் பயணிகள் மூன்று பேருக்கு மேல் ஏற முடியாது. மீதி இடத்துக்குக் கொஞ்சம் கடிதப் பொதி. கதகதப்பாக்கும் வசதியும் கிடையாது. எதிரி கேட்டுவிடக்கூடாது என்று வானொலியை மூடிவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்தே திசை பிடித்தார்கள். பொருத்தமாகத்தான் விமானங்களுக்கும் வேகா, ரைஜெல், அல்ற்றெயர், ஸ்பைகா, அன்ராறிஸ் என்று நட்சத்திரப் பெயர்கள் வைத்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்த பயணிகளுக்கு ‘இரட்டை விடியல் இரகசிய சங்கம்’ என்று சான்றிதழ் ஒன்றும் கொடுக்கப்பட்டது. யுத்த காலத்திலும் ஆட்களுக்கு விளையாட்டுப் புத்தி குறையவில்லை.

1945 வரை 271 தடவை கடந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இன்று கட்டுநாயக்கவிலிருந்து மெல்பேர்ணுக்கு, 8,300 கிலோமீற்றருக்கு மேல், நேரடி விமானம் பத்தரை மணித்தியால அளவில் போகிறது. 2018 மார்ச்சில் குவாண்டாஸ் பேர்த்திலிருந்து லண்டனுக்கே நேரடி சேவை தொடங்கியது: 14,498 கிலோமீற்றர், சுமார் 17 மணித்தியாலம். தூரத்தில் கெட்டலினா அதன் பக்கத்திலும் வராது. ஆனால் ஒரே மூச்சில் 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் வானில் நின்ற அந்த நேரத்தை வேறெந்தப் பயணிகள் சேவையும் இன்னும் தாண்டவில்லை.

(தொடரும்)