21 கியர் சைக்கிளா, 9 கியரா? வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்!

"அப்பா, எனக்கு 21 கியர் சைக்கிள்தான் வேணும்!"

பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் கேட்கும் குரல் இது. கடைக்குப் போனால் பக்கத்திலேயே 9 கியர் சைக்கிள் ஒன்று நிற்கிறது. விலையோ 21 கியரைவிடக் கூடுதல். கியர் குறைவு, விலை அதிகம் என்றால் எந்த அப்பாவுக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். விடை கியர் எண்ணிக்கையில் இல்லை. முன்னால் பெடலோடு சுற்றும் செயின் வீலிலும், பின்சக்கரத்தில் அடுக்கியிருக்கும் பல்சக்கரங்களிலும் இருக்கிறது.

குமரி மாவட்டத்துக்காரர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி வரை வயலோரமாகச் சுகமாகப் போகலாம். அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் தாண்டி, கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்து காளிகேசம் பக்கம் போனால் மூச்சு வாங்கும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கமும் அப்படித்தான். மலையே வேண்டாம் என்றாலும் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று விடாது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தக் காற்றை எதிர்த்து நாகர்கோவில் நோக்கி மிதித்தால், சமதளச் சாலையும் ஏற்றமாகிவிடும்.

ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர்?

கணக்கு எளிது. முன் பல்லின் எண்ணிக்கையைப் பின் பல்லின் எண்ணிக்கையால் வகுத்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று தெரியும். அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் போகிறோம் என்பது கிடைத்துவிடும்.

கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சமதளத்துக்கு அருமை. ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

21 கியர் சைக்கிள்களில் பரவலாக வருவது, முன்னால் 42, 34, 24 பல் கொண்ட மூன்று செயின் வீல். பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு சக்கரம். 26 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். ஆக, மிக லேசான கியரில் ஒரு மிதிக்கு சுமார் 1.8 மீட்டர். மிகக் கடினமான கியரில் 6.2 மீட்டர்.

முன்னால் 32 பல் கொண்ட ஒரே செயின் வீல், பின்னால் 11 முதல் 42 பல் வரை ஒன்பது சக்கரம் உள்ள சைக்கிளை அதே 26 இஞ்ச் சக்கரத்தில் கணக்கிட்டால், லேசான கியரில் சுமார் 1.6 மீட்டர், கடினமான கியரில் 6 மீட்டர்.

பார்த்தீர்களா? 21 கியர் செய்யும் வேலையை ஏறக்குறைய 9 கியரே செய்துவிடுகிறது. ஏற்றத்தில் இன்னும் லேசாகவும் மிதிக்கலாம். 21-இல் பல கியர்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே அளவுதான். உதாரணமாக, 42-க்கு 28 என்பதும் 24-க்கு 16 என்பதும் ஒன்றே!

யாருக்கு எது?

பள்ளி, டியூஷன், கடைத்தெரு என்று சமதளத்தில் ஓட்டும் பிள்ளைக்கு மூன்று செயின் வீல் சைக்கிளே போதும். உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் இரண்டு பக்க கியரையும் மாற்றப் பழக வேண்டும். முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது என்று செயினைக் குறுக்காக இழுத்து ஓட்டக் கூடாது.

மலைப்பாதை, தோட்டப்பாதை என்று வாரம்தோறும் கிளம்புகிறவர்களுக்கு ஒற்றைச் செயின் வீல் நல்லது. இடது கையில் கியர் லீவரே கிடையாது. 32 பல்லும் கனமாகத் தெரிந்தால் 30 பல் வீலுக்கு மாறலாம். மிதி சுமார் 6 சதவிகிதம் லேசாகும். அதற்கு ஈடாக இறக்கத்திலும் நேர்சாலையிலும் உச்ச வேகம் கொஞ்சம் குறையும்.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். செயின் வீல் போல்ட்டில் மாட்டியிருக்கிறதா, ரிவெட் அடித்திருக்கிறதா? விலை குறைந்த சைக்கிள்கள் பலவற்றில் ரிவெட்தான். அதில் பல் தேய்ந்தால் வீலை மட்டும் மாற்ற முடியாது; கிராங்க் செட்டையே மாற்ற வேண்டும்.

செயின் ஏன் கழல்கிறது?

ஏற்றத்தில் எழுந்து நின்று அழுத்தி மிதிக்கும்போது செயின் கழன்றால், பெடல் பிடிமானம் இல்லாமல் சட்டென்று கீழே போகும். நிலைதடுமாறி விழலாம். பின்னால் பஸ் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே 'கழன்றால் மாட்டிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது டெரெய்லரில் உள்ள இரண்டு சின்ன ஸ்க்ரூக்களை. செயின் எந்த எல்லைக்குமேல் நகரக் கூடாது என்று தடுப்பவை அவைதான். அவை சரியில்லாவிட்டால், கியர் மாற்றும்போது செயின் விளிம்பைத் தாண்டி விழும். மெக்கானிக்குக் சில நிமிட வேலை.

இரண்டாவது, செயின் தேய்மானம். பிள்ளைகளின் ஸ்கேலே போதும். செயினில் ஒரு பின்னின் நடுவில் 0 வையுங்கள். அங்கிருந்து எண்ணி 24-வது பின் சரியாக 12 இஞ்ச்சில் நிற்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் புது செயின் போடும் நேரம். 3 மில்லிமீட்டர் தாண்டிவிட்டால், பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சின்னச் செலவைத் தள்ளிப்போட்டால் பெரிய செலவாக வரும்.

மூன்றாவது, செயின் வீல் கோணியிருக்கிறதா, கிராங்க் ஆடுகிறதா, செயின் நீளம் அதிகமா என்று பாருங்கள்.

செயின் கைடு எப்போது?

இத்தனையும் சரியாக இருந்தும் கல்லும் வேரும் நிறைந்த பாதையில் செயின் குதித்துக் கழன்றால்தான் செயின் கைடு தேவை. பலர் இதைச் செயின் கார்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். பேன்ட், துப்பட்டா சிக்காமல் காப்பது செயின் கார்டு. செயின் வீலின் மேல்பகுதியில் செயினை அணைத்து நின்று, அது விலகாமல் காப்பது செயின் கைடு.

முன்னால் மூன்று வீல் இருந்தால் இந்தக் கைடு பொருந்தாது. அங்கே முன் டெரெய்லரே அந்த வேலையைச் செய்கிறது. செயின் உள்பக்கம் விழுந்துகொண்டே இருந்தால், சீட் குழாயில் மாட்டும் சின்னத் தடுப்பு ஒன்று போதும்.

ஒற்றை வீல் சைக்கிளில், முதலில் வீலின் பல்லை உற்றுப் பாருங்கள். ஒரு பல் தடிமன், அடுத்த பல் மெலிசு என்று மாறி மாறி இருந்தால், அது செயினைப் பிடித்துக்கொள்வதற்கென்றே வடிவமைத்தது. செயினில் அகலக் கண்ணியும் குறுகிய கண்ணியும் மாறி மாறி வருவதால், தடிமன் பல் அகலக் கண்ணிக்குள் இறுக்கமாக உட்காரும். 2012-இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த ஒற்றை வீல் செட்டுக்குப் பிறகு இது பரவலானது. இத்துடன் செயினைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் கிளட்ச் உள்ள டெரெய்லரும் இருந்தால், பெரும்பாலானவர்களுக்குக் கைடே வேண்டாம். செயினைத் திரும்ப மாட்டும்போது, தடிமன் பல் அகலக் கண்ணிக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்து மாட்டுங்கள்.

அதற்கும் மேல் தேவை என்றால், மேல்பக்கம் மட்டும் பிடிக்கும் எளிய கைடு போதும். கீழே ரோலரும் உள்ள பெரிய கைடு, செங்குத்தான இறக்கத்தில் வேகமாகப் பாயும் போட்டிக்காரர்களுக்கானது. வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பெடல் அச்சைச் சுற்றி ஃபிரேமில் மூன்று ஸ்க்ரூ துளைகள் இருக்கின்றனவா? இல்லை என்றால், சீட் குழாயைச் சுற்றி மாட்டும் வகையை, குழாயின் குறுக்களவு பார்த்து வாங்குங்கள். எத்தனை பல் வரைக்கும் அந்தக் கைடு பொருந்தும் என்பதையும் பாருங்கள். மாட்டிய பிறகு எந்தக் கியரிலும் செயின் உரசக் கூடாது.

இரண்டு மழை, ஒரு கடல்

தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. நனைந்து வந்தால் செயினைத் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். அங்கே வாரம் ஒருமுறை துடைப்பது நல்லது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். பிசுக்காகி மணலைப் பிடித்துக்கொள்ளும்.

வழியில் செயின் கழன்றால் ஓரமாக நிறுத்துங்கள். பின் டெரெய்லரின் கீழ்க்கையை முன்னால் தள்ளினால் செயின் தளரும். மேல் பற்களில் செயினை வைத்து, பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். விரல் பல்லுக்கு அருகில் போகவே கூடாது. பிள்ளையைத் தனியாகச் சாலைக்கு அனுப்பும் முன், வீட்டு முற்றத்தில் ஒருமுறை இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.