பொட்டோமக் கரையில் ஒரு தூண்

கணவாய் கடலில் நகரும் விதத்தை வங்காலைக் கரையோரத்து மீனவர் நன்கறிவர். நீரை உள்வாங்கி ஒரு குழாய்வழியே விசையுடன் வெளித்தள்ளுவதால் அது எதிர்த்திசையிற் பாய்கின்றது. இதே தத்துவத்தைக் கொண்டு ஆற்றோட்டத்துக்கு எதிராகப் படகொன்றைச் செலுத்தியவர் ஜேம்ஸ் ரம்சி என்னும் அமெரிக்கர். நீராவியால் இயங்கிய பம்பி முன்புறத்தில் நீரை இழுத்துப் பின்புறத்தில் உமிழ்ந்தது. 1787 டிசெம்பர் 3ஆம் திகதி, பொட்டோமக் நதிக்கரையிலுள்ள ஷெப்பேட்ஸ்ரவுண் ஊரார் அதனைக் கண்டனர்.

அவ்வூரில், நதியை நோக்கிய உயர்ந்த பாறைமேட்டில், உச்சியில் உலக உருண்டையைத் தாங்கிய தூணொன்று ரம்சியின் நினைவாக நிற்கின்றது. அது எழுந்தது இருபதாம் நூற்றாண்டிலேயே. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இத்தாமதம் ஏன் என வினவுமிடத்துத்தான் வரலாறு துலங்குகின்றது.

ரம்சிக்குச் சில மாதங்கள் முன்னரே, 1787 ஓகஸ்டில், ஜோன் ஃபிச் என்பவர் டெலவெயர் நதியில் நீராவிப் படகை ஓட்டிக் காட்டியிருந்தார். இருவருக்கும் 1791 ஓகஸ்ட் 26 அன்று, ஒரே நாளில், காப்புரிமை வழங்கப்பட்டது. ஆயினும் பாடநூல்கள் பெரிதும் போற்றுவது 1807இல் ஹட்சன் நதியிற் படகோட்டிய றொபேட் ஃபுல்ரனையே. அவருக்கு இங்கிலாந்தில் வாங்கிய இயந்திரம் இருந்தது. நியூயோர்க் நீர்நிலைகளில் நீராவிப் படகோட்டும் ஏகபோக உரிமை பெற்ற லிவிங்ஸ்ரன் என்ற செல்வந்தரும் துணைநின்றார். அறிவு மட்டுமன்று, மூலதனமும் சட்டமும் கூடியே ஒருவரைக் 'கண்டுபிடிப்பாளர்' ஆக்குகின்றன. ஆகவே ஷெப்பேட்ஸ்ரவுண் தூணை நாம் அஞ்சலி என்பதிலும், தோற்ற கட்சியினர் கல்லில் எழுப்பிய மேன்முறையீடு என்றே கொள்வோம்.

அம்மேன்முறையீட்டிலும் ஒரு குறை உண்டு. ரம்சியின் படகு உருவாவதில் அவருடைய மைத்துனர் ஜோசப் பார்ண்ஸ் உடனுழைத்தார்; பாகங்களை வார்த்தவர்களும் அடித்தவர்களும் பலர். நம் கரைகளின் கட்டுமரம் தன் பெயரையே ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஈந்தது. அதனை முதலிற் பிணைத்தவர் எவரெனக் கேட்டால் விடையில்லை. காப்புரிமை ஏட்டில் இடம்பெறாத கைகளுக்குத் தூண் எழுப்புவோர் அரியர்.

ரம்சி 1792 டிசெம்பரில் இலண்டனிற் காலமானார். அங்கு அவர் கட்டிக்கொண்டிருந்த படகு அடுத்த ஆண்டு தேம்ஸ் நதியில் ஓடிற்று, ஓட்டியவர்கள் பிறரே.