குட்டையைக் காப்பது கலங்கலே

திருத்தணிக் குன்றுகளின் அடிவாரத்தில், பட்டா நிலத்தில் மண்கரை போட்டு மழைநீரைத் தேக்க விரும்பும் விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டியது கலங்கலைத்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செல்வந்தர்கள் சிலர், மீன்பிடித்துப் பொழுதுபோக்கத் தனியார் ஏரி ஒன்று வைத்திருந்தனர். மண்கரையின் உயரம் 72 அடி. அடிமடைக் குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. வண்டி செல்லக் கரையின் உச்சியைத் தாழ்த்தினர். மீன் தப்பாதிருக்கக் கலங்கலில் கம்பி வலை அடித்தனர். 1889 மே 31-ல் பெருமழையில் வலையைக் குப்பை அடைத்தது. நீர் கரைமீது வழிந்து உடைப்பெடுத்தது. ஜான்ஸ்டவுன் நகரில் 2,200 பேருக்கு மேல் மாண்டனர்.

நம் குட்டை சிறிதுதான். ஆனால் மண்ணின் குணம் ஒன்றே. நீர் மேலே வழிந்தால் கரை நிற்காது. எனவே கலங்கலைக் கரை உச்சிக்கு நன்கு தாழ்வாக, கெட்டி நிலத்தில், கல் பாவி அமைக்க வேண்டும். மீன் விட்டிருந்தாலும் அதில் குப்பை தேங்க விடக்கூடாது. களிப்பான மண்ணை அரை அடிக் கனமாகப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசு போட்டுக் கெட்டிக்க வேண்டும். கரையில் மரம் வேண்டாம். அருகம்புல் பதித்தால் போதும். எலி வளைகளை ஐப்பசி மழைக்கு முன்பே அடைத்துவிட வேண்டும்.

கசியும் நீர் தெளிவாக இருந்தால் கண்காணித்து வரலாம். சேறாக வந்தால் கரை உள்ளே அரிபடுகிறது என்று பொருள். உடனே நீர்மட்டத்தைக் குறைத்து, கீழ்நிலத்தாருக்கும் சொல்லிவிடுவது நலம்.