அழுகும் வாழைச்சீப்பும் நம் வீட்டுக் கறுவாவும்

இலங்கையில் அறுவடை செய்யப்படும் பழங்களிலும் மரக்கறிகளிலும் 30 முதல் 40 வீதம் வரை நுகர்வோரைச் சென்றடையாமலே வீணாகின்றன என்பது பொதுவான மதிப்பீடு. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கம் நமது. பழ வியாபாரத்திலும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே இது நாம் பேச வேண்டிய விடயம் என்றே கருதுகிறேன்.

வாழைப்பழத்தை எடுத்துக்கொள்வோம். குலையிலிருந்து சீப்பை வெட்டும் காயத்தினூடாகப் பங்கசுக்கள் நுழைந்து, சீப்பின் தலைப்பகுதியை அழுகச் செய்கின்றன. அந்திரக்னோஸ் நோயை உண்டாக்கும் பங்கசோ காய் மரத்தில் இருக்கும்போதே தொற்றி, உறங்கிக் கிடந்து, பழுக்கும்போது கரும்புள்ளிகளாக வெளிப்படுகிறது. இவற்றுக்கு எதிராக இரசாயனப் பங்கசுநாசினிகள் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றின் எச்சம் பழத்தில் தங்குவதும், பங்கசுக்கள் காலப்போக்கில் அவற்றுக்குப் பழகிவிடுவதும் பெரும் பிரச்சினைகள்.

மாற்றுவழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. கறுவா இலை எண்ணெயிலும் கராம்பு எண்ணெயிலும் யூஜினோல் அதிகமாக உள்ளது. கறுவாப் பட்டை எண்ணெயில் சினமல்டிஹைட் உள்ளது. இவை பங்கசுக் கலத்தின் மென்சவ்வைச் சிதைப்பதால் உள்ளிருப்பவை கசிந்து பங்கசு மடிகிறது. இந்த எண்ணெய்கள் வாழையின் அழுகல் பங்கசுக்களைக் கட்டுப்படுத்துவதைக் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

ஆனால் எண்ணெயை வாங்கி நேரடியாகப் பழத்தில் பூசிவிடாதீர்கள். அளவு கூடினால் தோல் கருகும், வாசனையும் சுவையும் மாறும். எண்ணெய் நீரில் கலக்காது என்பதால் முறையாகக் கலவையாக்க வேண்டும். அது விரைவில் ஆவியாகியும் விடும். அழுகிய பழத்தை அது மீட்காது, வருமுன் காக்கவே உதவும். சுத்தமான கத்தி, சுத்தமான நீர், காயப்படுத்தாமல் ஏற்றியிறக்கல் ஆகியவை இல்லாவிட்டால் எந்த எண்ணெயும் பயன் தராது.

உலகுக்கு உயர்தரக் கறுவாவை அனுப்பும் நாடு, தன் பழங்களை அழுகவிடுவது வேதனைக்குரியது. ஆய்வுகூடத்தில் நிரூபித்ததைப் பழ வியாபாரியின் களஞ்சியத்துக்குக் கொண்டுசெல்ல விவசாயத் திணைக்களமும் வர்த்தகச் சங்கங்களும் முன்வர வேண்டும். நம் வியாபாரிகள் இணைந்து ஒரு களஞ்சியத்தில் நிபுணர்களின் மேற்பார்வையில் பரீட்சித்துப் பார்த்தாலே போதும். விவசாயியின் உழைப்பும், வியாபாரியின் முதலும், நுகர்வோரின் ஆரோக்கியமும் ஒன்றாகக் காக்கப்படும், இன்ஷா அல்லாஹ்.