பெட்டி மாறினால் ஆட்டம் போச்சு

புதிய வீடியோ கேம் கருவி பழைய விளையாட்டை ஏற்குமா? புனேயில் வீட்டை விற்று உருவாக்கிய ஒரு விளையாட்டின் ஆயுள் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ராக்கி பண்டிகை நாளில் அரக்கர்கள் தூக்கிச் சென்ற தம்பி கோலுவைத் தேடிப் புறப்படுகிறாள் சர்க்கஸ்காரப் பெண் ராஜி. கையில் துர்க்கை கொடுத்த திரிசூலம். எதிரே மகாபலாசுரன். ராஜஸ்தானத்துக் கோட்டைகளையும் பஹாரி ஓவியங்களையும் நினைவூட்டும் மாடங்கள் வழியாக அவள் தாவி ஓடுகிறாள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் விஷ்ணுவின் பெயரையும் துர்க்கையின் பெயரையும் உச்சரிக்கப் பழகியது இப்படித்தான்.

'ராஜி: ஆன் ஏன்ஷன்ட் எபிக்' என்ற இந்த விளையாட்டு உருவான ஊர் புனே. நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2017இல் இதைக் கையில் எடுத்தபோது காசு இல்லை. கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். கேட்ட தொகை சேரவில்லை. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ் தன் வீட்டையே விற்றார். பிறகு எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் உதவித்தொகை வந்தது, வெளியீட்டாளர் கிடைத்தார், ஒருவழியாக 2020 ஆகஸ்ட் 18 அன்று ஆட்டம் வெளியானது. அந்த ஆண்டின் உலகளாவிய கேம் விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பட்டியலிலும் இடம்பிடித்தது.

முதலில் வந்த இடம்தான் வேடிக்கை. ஜப்பானின் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில்தான் ராஜி முதலில் ஓடினாள். அந்தக் கருவியை அப்போது நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள்தான் புனேயின் விளையாட்டை முதல் நாளே பார்க்க முடிந்தது. கம்ப்யூட்டருக்கும், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளுக்கும் ராஜி வந்து சேர அக்டோபர் 15 ஆகிவிட்டது.

இப்போது அந்த மூன்று கருவிகளுமே பழைய தலைமுறை. பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில், அதாவது ராஜி அங்கே காலடி வைத்த மறுமாதமே. எக்ஸ்பாக்ஸின் புதிய பெட்டியும் அதே மாதம். ஸ்விட்ச் 2 விற்பனைக்கு வந்தது 2025 ஜூன் 5 அன்று. புத்தகமாக இருந்தால் கவலை இல்லை. புது அலமாரி வாங்கியதால் பழைய புத்தகம் படிக்க முடியாமல் போவதில்லை. வீடியோ கேமில் அந்த உத்தரவாதம் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் சிப் மாறினால், வீட்டை விற்றுச் செய்த ஆட்டமும் வெறும் பிளாஸ்டிக் தட்டுதான்.

காரணம் எளிது. ஒவ்வொரு விளையாட்டும் குறிப்பிட்ட ஒரு சிப்புக்குப் புரியும் கட்டளைகளாகத்தான் எழுதப்படுகிறது. புதிய பெட்டியில் வேறு சிப் இருந்தால் அதற்கு அந்தக் கட்டளைகள் புரியாது. இதற்கு வழி இரண்டு. ஒன்று, பழைய சிப்பையும் புதிய பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது. மற்றொன்று, ஒரு துபாஷியை நடுவில் நிறுத்துவது. பழைய ஆட்டம் சொல்வதையெல்லாம் அந்தந்தக் கணமே புதிய சிப்பின் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள்தான் அந்தத் துபாஷி. எமுலேட்டர் என்பது தொழில்காரர்கள் வைத்த பெயர். முதல் வழியில் செலவு அதிகம். இரண்டாவதில் வேலை அதிகம், பெட்டிக்கும் பன்மடங்கு வேகம் வேண்டும்.

சோனி இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. 2000த்தில் வந்த பிளேஸ்டேஷன் 2, முந்தைய பிளேஸ்டேஷனின் மைய சிப்பைத் தூக்கி எறியாமல் எடுபிடி வேலைகளுக்கு வைத்துக்கொண்டது. பழைய டிஸ்க்கைப் போட்டால் அந்தச் சிப் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். கெட்டிக்காரத்தனம்தான். உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்ற பெட்டி அது.

அடுத்து 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, முதல் மாதிரிகளில் பிளேஸ்டேஷன் 2இன் சிப்புகளையே அப்படியே உள்ளே வைத்தார்கள். விலை எகிறியது. வாங்க ஆள் குறைந்ததும் கணக்கர்களின் கத்தி முதலில் விழுந்தது அந்தச் சிப்புகள்மீதுதான். 2007 முடிவதற்குள் வந்த மலிவு மாதிரி பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளை ஏற்க மறுத்துவிட்டது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் கதை இன்னும் மோசம்: தன் மூன்று மூதாதையரின் டிஸ்க்குகளையும் அது சீண்டவில்லை.

இந்தியாவுக்கு அடி விழுந்தது இங்கேதான்.

நம் நாட்டில் பிளேஸ்டேஷன் 3 கிட்டத்தட்ட 40,000 ரூபாய்க்கு அறிமுகமான காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியானது பழைய பிளேஸ்டேஷன் 2தான். அதனால் இந்திய நிறுவனங்கள் அதற்கே விளையாட்டுகளைச் செய்தன. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் 2009இல் 'ஹனுமான்: பாய் வாரியர்' கொண்டுவந்தது, முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு என்ற பெருமை அதற்கு. அதே ஆண்டில் அதே ஊரின் கேம்சாஸ்திராவிடமிருந்து கபடியும் கில்லியும் ஆடும் 'தேசி அட்டா'. மறு ஆண்டு மும்பையின் ட்ரைன் கேம்ஸ் தெருக் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தது. தரத்தில் இவை உலக விளையாட்டுகளோடு போட்டியிட்டன என்று யாரும் சாதிக்க மாட்டார்கள். ஹனுமானை வெளிநாட்டு விமர்சகர்கள் வறுத்தெடுத்தார்கள். ஆனாலும் ஒரு தொழில் எழுதிப் பழகிய முதல் சிலேட்டுகள் இவை.

2009இல் கடையில் கிடைத்த புத்தம் புதிய பிளேஸ்டேஷன் 3, இந்த டிஸ்க்குகளை ஏற்காது. ஆக, பிறந்த அன்றே இவற்றுக்கு எதிர்காலம் அடைக்கப்பட்டிருந்தது. உச்சக்கட்டம் 'டான் 2'. ஷாருக் கான் படத்தை ஒட்டிய அந்த விளையாட்டு பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது 2013இல். சோனி அந்தப் பெட்டியின் உற்பத்தியை நிறுத்திவிட்டதாக அறிவித்தது அதே ஆண்டு ஜனவரியில்.

பிளேஸ்டேஷனுக்கும் முந்தைய தலைமுறைக்கு இந்தத் தொல்லை தெரியாது. 1990களில் இந்திய வீடுகளுக்குள் நுழைந்தவை ஜப்பானின் நிண்டெண்டோ 1983இல் விற்ற ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள். எத்தனையோ பெயர்கள், எத்தனையோ உருவங்கள்; உள்ளே ஒரே சரக்கு. மதுரையில் வாங்கிய கேசட் புனேயில் வாங்கிய பெட்டியில் அழகாகப் பொருந்தும். வேலை செய்யாவிட்டால் வெளியே எடுத்து வாயால் ஊதிச் செருகுவது ஒன்றே பழுதுபார்க்கும் முறை. லட்சக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் அச்சடித்து, உள்ளே பத்திருபதை மட்டும் வைத்த கேசட்டுகள் அவை. காப்புரிமையைக் கால்தூசாக மதித்த வியாபாரம் என்றாலும், அசல் நிறுவனங்கள் தராத ஒன்றைத் தந்தது. பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கலாம், கேசட்டை மாற்ற வேண்டியதில்லை.

அசல் நிறுவனங்களும் காலப்போக்கில் மனம் மாறின. பழைய டிஸ்க்குகளை ஏற்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2015இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் சேர்த்தது. ஒவ்வொரு விளையாட்டாகச் சோதித்து, உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, 2021 நவம்பர் வரை பட்டியலை நீட்டியது. அந்த அனுமதிதான் பெரும்பாடு. பாட்டுக்கு ஒருவர், கார் பெயருக்கு ஒருவர், நடிகரின் முகத்துக்கு ஒருவர் என்று உரிமைக்காரர்கள். சில நிறுவனங்கள் மூடியே போய்விட்டன. தொழில்நுட்பம் தயாராக இருந்தும் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் நின்றுபோன ஆட்டங்கள் பல.

ராஜிக்கு வாய்த்தது நல்ல நேரம். பிளேஸ்டேஷன் 4க்கும் 5க்கும் உள்ளே இருப்பவை ஒரே குடும்பத்துச் சிப்புகள். அதனால் ஆங்காங்கே ஒன்றிரண்டு நீங்கலாக 4,000க்கும் மேற்பட்ட பழைய விளையாட்டுகள் புதிய பெட்டியில் ஓடுகின்றன. ராஜியும் அதில் அடக்கம். எக்ஸ்பாக்ஸிலும் அப்படியே. ஸ்விட்ச் 2 விஷயத்தில் நிண்டெண்டோ பழைய சிப்பை உள்ளே வைக்கவில்லை. முழுத் துபாஷியையும் அமர்த்தவில்லை; இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு முறையில், ஆட்டம் ஓடும்போதே வேண்டியதை மட்டும் மாற்றித் தருகிறது. தகராறு செய்யும் சில விளையாட்டுகளின் பட்டியலையும் தானே வெளியிட்டது. புனேக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2022இல் இந்திக் குரலோடு மெருகேற்றிய பதிப்பைக் கொண்டுவந்தார்கள்.

பழையதைப் புதிய கருவிக்குக் கொண்டுவரும் வேலையில் புனேக்கு வேறொரு பங்கும் உண்டு. 1980இல் ஜப்பானின் நாம்கோ உருவாக்கி, நாணயம் போட்டு ஆடும் எந்திரங்களில் உலகைச் சுற்றிய 'பேக்-மேன்' இன்று செல்போனிலும் ஓடுகிறது. அந்த செல்போன் வடிவத்தை நடத்தும் பணியில் 2021இல் கைகோத்தது புனேயின் சூப்பர்கேமிங். அதே நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட 'இண்டஸ்' வேறு ரகம். பல பேர் ஒரே நேரத்தில் இன்டர்நெட் வழியாக மோதும் ஆட்டம் அது. இந்த வகை விளையாட்டின் பாதி உயிர் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. சர்வரை அணைத்துவிட்டால், பழையதை ஏற்கும் எந்தப் பெட்டியாலும் அதை மீட்க முடியாது.

கையில் பிடிக்கும் டிஸ்க்குக்கே இப்போது மதிப்பு குறைந்துவருகிறது. டிஸ்க் போட வழியே இல்லாத பிளேஸ்டேஷன் 5 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. சேர்த்துவைத்த பழைய டிஸ்க்குகளை அதில் எங்கே செருகுவது? ஸ்விட்ச் 2இன் சில அட்டைகளுக்குள் விளையாட்டே கிடையாது, டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டும்தான். நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இன்டர்நெட் கடையை 2023 மார்ச் 27 அன்று இழுத்து மூடியது. அங்கே மட்டும் விற்ற ஆட்டங்களை இனிப் புதிதாக யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் விற்பனையிலேயே இல்லை என்று 2023இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்கே அதைக் கணக்கெடுக்கவாவது வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இருக்கிறது.

இங்கே? இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். வீடியோ கேமுக்கு அப்படி ஒரு விதி இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் தன் மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் டிஸ்க்கில் போடப்பட்டிருக்கும் பூட்டை உடைத்துப் பிறர் உரிமையை மீறினால் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு பாயும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலகமோ கல்லூரியோ எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால் வக்கீல்களே ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இந்த ஊருக்கு இது புதிய பாடமாக இருக்க வேண்டியதில்லை. புனே லா காலேஜ் ரோட்டில்தான் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அது வருவதற்குள் தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) போயே போய்விட்டது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. பழைய படச்சுருளில் இருந்த வெள்ளியை உருக்கி விற்றவர்கள் உண்டு. படம் என்பது தியேட்டரில் ஓடி முடிந்ததும் தீர்ந்துபோகும் சரக்கு என்று தயாரிப்பாளர்களே நினைத்த காலம் அது. பி.கே. நாயர் என்ற ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்து, கெஞ்சி, மிரட்டி, பால்கேயின் படச்சுருள்கள் முதல் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தார். அவ்வளவு பாடுபட்டும் 2003இல் ஒரு தீ விபத்து பழைய நைட்ரேட் சுருள்களை விழுங்கியது. படச்சுருளிலாவது ஒரு வசதி உண்டு. புரொஜெக்டர் இல்லாவிட்டாலும் வெளிச்சத்தில் பிடித்தால் உருவம் தெரியும். டிஸ்க்கை எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும் ஹனுமான் தெரிய மாட்டார்.

அவரைப் பார்க்க வேண்டுமானால் அசல் பிளேஸ்டேஷன் 2 ஒன்று வேண்டும், அல்லது கம்ப்யூட்டரில் ஆர்வலர்கள் தாங்களாகவே எழுதிவைத்த துபாஷி மென்பொருள் வேண்டும். பெட்டியில் முதலில் சாவது டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ். புனேயில் மங்கள்வார் பேட் பக்கம் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில் பழைய எலக்ட்ரானிக் சாமான்கள் தரையில் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் அப்படி ஒரு பெட்டி கிடைத்தால், விலை பேசுவதற்கு முன் டிஸ்க் சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.