தோள் வலித்தால் கண் தூங்கும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பை தாதர் பூ மார்க்கெட். தோளில் பெரிய பையோடு ஒருவர் வருகிறார். கேமரா, மூன்று லென்ஸ், முக்காலி எல்லாம் பையில் இருக்கின்றன. ஐந்து கிலோவுக்குக் குறையாது.

முதல் அரை மணி நேரம் உற்சாகமாக நடக்கிறார். பிறகு தோள் வலிக்கிறது. தலை தானாகக் குனிகிறது. கண் தெருவைப் பார்க்கவில்லை. உட்கார இடம் தேடுகிறது.

அப்போது பூக்கூடை சுமந்து வந்த தொழிலாளி நிமிர்ந்து சிரிக்கிறார். நல்ல படம்! இவர் பையைத் திறந்து கேமராவை எடுப்பதற்குள் அந்தச் சிரிப்பு கூட்டத்தில் மறைந்துவிட்டது. அந்தத் தொழிலாளி சுமப்பது வயிற்றுப் பிழைப்புக்காக. இவர் எதற்காகச் சுமக்கிறார்?

மூச்சு வாங்கிய மனிதர்

இந்தக் கஷ்டம் புதிதல்ல. ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக் என்ற மெக்கானிக் இருந்தார். நடந்து போய்ப் படம் பிடிப்பதில் அவருக்கு ஆசை. ஆனால் ஆஸ்துமா வியாதி. அந்தக் காலத்துக் கேமரா பெரிது. பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடுகள். அவற்றையும் சுமந்து மேடு ஏறினால் மூச்சு வாங்கியது.

"கேமராவைச் சிறிதாக்கினால் என்ன?" என்று யோசித்தார். சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் பிலிமைப் போட்டு, கைக்கு அடக்கமான ஒரு கேமராவை 1914-க்குள் செய்து முடித்தார். அதைக் கொண்டு வெட்ஸ்லர் நகரத் தெருக்களைப் படம் பிடித்தார். அதுதான் 1925-ல் லைப்சிக் கண்காட்சியில் 'லைக்கா' என்ற பெயரில் வெளிவந்தது. ஒரு நோயாளியின் தோள்வலி, தெருப் படக்கலைக்கே வழி திறந்தது!

ஒரே கேமரா, ஒரே லென்ஸ்

பிரான்சு நாட்டு ஹென்றி கார்ட்டியே-பிரெசான் 1932-ல் லைக்கா வாங்கினார். பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைத்தான் பயன்படுத்தினார். பளபளக்கும் பாகங்களைக் கறுப்பாக மறைத்தார். தெருவில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. 1948-ல் காந்திஜியின் கடைசி நாளையும், இறுதி ஊர்வலத்தையும் அவர் படம் பிடித்தார்.

சுமந்தே சாதித்தவர்களும் உண்டு. ஹோமாய் வியாரவாலா கனமான கேமராவோடு டெல்லியில் சைக்கிளில் சுற்றினார். 2011-ல் பத்ம விபூஷண் பெற்றார். ஆனால் அவருடைய வேலை பெரும்பாலும் பத்திரிகைக்கான நிகழ்ச்சிப் படங்கள். எங்கே, எப்போது என்று முன்பே தெரியும். தெருவில் அப்படித் தெரியாது. பல மணி நேரம் நடந்தால்தான் ஒரு படம் கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

இன்றும் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்றே ஒன்றரை கிலோ இருக்கிறது. அதை நீட்டினால் குழந்தைகள் 'போஸ்' கொடுக்கிறார்கள். டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆகவே ஒரு கேமரா, 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். முக்காலி வீட்டில் இருக்கட்டும். கேமரா பையில் வேண்டாம், கையில் இருக்கட்டும். வாரை மார்பின் குறுக்கே போட்டு, அவ்வப்போது தோள் மாற்றுங்கள். படம் பெரிதாக வேண்டுமா? இரண்டு அடி முன்னே நடங்கள்! கேமரா வாங்க வசதி இல்லையா? செல்போனே போதும்.

வாரம் ஆறு நாள் வேலை. கிடைப்பது ஒரு ஞாயிறு. அதைச் சுமை தூக்கிக் கழிக்கலாமா?