பாய்மரப் படகும் அனுசரணையும்

பாய்மரப் படகோட்டம் பணக்காரரின் விளையாட்டு என்போம். 1976இல் இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஆசிரியத் தம்பதியரின் மகளாகப் பிறந்தவர் எலன் மக்ஆர்தர். அம்மாவட்டத்திற்குக் கடலே இல்லை. உறவுக்காரப் பெண் ஒருவர் தமது படகில் ஏற்றிச் சென்றதே தொடக்கம். பாடசாலை உணவுக் காசை மிச்சம்பிடித்துச் சிறுபடகொன்று வாங்கினார்.

பெரும்போட்டி என்றால் படகு, பாய், கயிறு, திருத்தவேலை எனச் செலவு ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடியதல்ல. அனுசரணை கேட்டுச் சுமார் 2,500 கடிதங்கள் எழுதினார். பதில் வந்தவை இரண்டே! (நிவாரண விண்ணப்பம் எழுதிக் களைத்த எமக்கு இது புதிதல்ல.) பின்னர் கிங்பிஷர் வணிகநிறுவனம் முன்வந்தது. அதன் பெயர் தாங்கிய படகில், 2001இல், 24 வயதில், தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார்.

அனுசரணை தானமல்ல, பணம் தருபவரின் பெயரைப் படகு சுமந்து செல்கிறது. ஆகவே உங்கள் ஊர்ப் பிள்ளைக்காகக் கேட்கும்போது இரந்து எழுதாதீர்கள். பிள்ளை இதுவரை செய்தது, தேவையான பொருள், அதன் விலை, ஊரார் ஏற்கும் பங்கு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள்.